ரைட்டர் செல்லப்பனின் கட்டெறும்புகள்

எஸ்டேட்டில் இருநூற்று நாற்பது ஆட்களுக்குப் பேர் போட்டுவந்த ரைட்டர் செல்லப்பன், வீட்டுக்குப் போனதும் எறும்புகளுக்குப் பேர் போட்டார். அதற்கென்று, ஆள் வருகை எழுதுகிற பழைய செக்ரோல் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். தேதி, மழையா பனியா, எத்தனை பேர் வெளியே போனார்கள், எத்தனை பேர் வாயில் கவ்விக்கொண்டு திரும்பினார்கள், எத்தனை பேர் செத்தார்கள். 'எறும்பு' என்ற சொல்லை அந்தப் புத்தகத்தில் நான் ஓரிடத்திலும் பார்த்ததில்லை.

நான் அந்த எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தது எழுபத்தேழில். அத்தாவுக்கு ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை. கான்வென்டில் எட்டுவரை இங்கிலீஷிலும், பிறகு சர்க்கார் பள்ளியில் தமிழிலும் படித்திருந்தேன். அதனால் மெஷினில் அடிப்பது பாதி வேலை, மொழிபெயர்ப்பது மீதி வேலை என்று ஆகிவிட்டது. மேனேஜர் குடகுக்காரர். வைவதற்கு வேண்டிய தமிழ்தான் அவருக்குத் தெரியும். ரைட்டருக்கோ பிளாக், பல்ப்பர், மஸ்டர் தவிர இங்கிலீஷ் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

செல்லப்பன் வாழவந்திக்காரர். சாமையும் பலாவும் கொஞ்சம் காபியும் விளைகிற மலை நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு எஸ்டேட்டுக்கு வந்தவர். அப்போது நாற்பதைத் தாண்டியிருப்பார். மகளைக் கிளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, அவரும் மனைவி பாவாயியும் மேல் பிளாக் காபித் தோட்டத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். முன்னறையில் ஒரு முக்காலி, அதன்மேல் கண்ணாடி வீடு. இரண்டு ஜன்னல் கண்ணாடிகளை விரல்கடை இடைவெளியில் நிறுத்தி, சுற்றிலும் சில்வர் ஓக் சட்டம் அடித்து, சந்துகளை மெழுகால் பூசியிருந்தார். உள்ளே ஈரமண். மேலே சிவப்புக் கண்ணாடித்தாள். அதைப் போட்டு மூடினால் உள்ளே இருப்பவர்களுக்கு இருட்டு, வெளியே நமக்கு வெளிச்சம். திருவிழாப் பந்தலில் கட்டிய கலர்த்தாளை ஒருநாள் சும்மா போட்டுப் பார்த்துக் கண்டுகொண்டாராம்.

முக்காலியின் மூன்று கால்களும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் நின்றன. எல்லா வீட்டிலும் எறும்பு மேலே ஏறக் கூடாதென்று இப்படிச் செய்வார்கள். இந்த வீட்டில் இறங்கக் கூடாதென்று செய்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் போய்வர ஒரே ஒரு பாதைதான் உண்டு. டிஸ்பென்சரியில் குளுக்கோஸ் ஏற்றி முடித்த ரப்பர்க் குழாயைக் கண்ணாடி வீட்டில் சொருகி, ஜன்னல் சட்டத்தில் ஓட்டை போட்டு வெளியே விட்டிருந்தார். குழாயின் மறுமுனை பலா மரத்தில் கட்டியிருக்கும். அங்கிருந்து மேல் பிளாக் பூராவும் அவர்களுடைய மேய்ச்சல் காடு. பக்கத்தில் பூச்சிமருந்துப் பொடி தூவுகிற நாட்களில் மட்டும் பஞ்சை உருட்டிக் குழாயின் வாயை அடைத்துவிடுவார். அந்தப் பஞ்சுருண்டை எப்போதும் ஜன்னல் கட்டையிலேயே இருக்கும்.

உள்ளே இருந்தது ஒரே ஒரு தாயும் அவள் பிள்ளைகளும். அவர் 'தாய்' என்றுதான் சொல்வார். எழுபத்தொன்றாம் வருஷக் கோடை மழைக்கு மறுநாள் சாயங்காலம், காபிப் பழத்தைத் தோலுரிக்கிற பல்ப்பர் ஹவுஸின் விளக்குக்கு இறக்கை முளைத்த கட்டெறும்புகள் வந்து விழுந்தபோது, தரையில் இறங்கித் தன் இறக்கையைத் தானே பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியைப் பிடித்துப் பென்சிலின் குப்பியில் விட்டுக் கொண்டுவந்தாராம். அதற்கு முந்தைய மூன்று வருஷமும் அப்படிக் கொண்டுவந்து தோற்றிருக்கிறார். குப்பியில் முட்டை இட்டதா, பொரிந்ததா என்று காலையும் மாலையும் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். பார்க்கப் பார்க்க அவள் முட்டைகளைத் தானே தின்றுவிடுவாள்.

பாவாயி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "இவரு மூஞ்சியக் காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா பாத்தா, எந்தப் பொம்பளைதான் தம்பி புள்ளையப் பெத்து வெச்சிருப்பா?"

நாலாவது வருஷம் குப்பியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் அடியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பாவாயியிடம் கொடுத்து, ஐம்பது நாள் கழித்துக் கேட்டால்தான் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார். முப்பதாம் நாளே கேட்டாராம். பாவாயி தரவில்லை. ஐம்பத்தோராம் நாள் திறந்தபோது, சாதாரணக் கட்டெறும்பில் பாதி அளவுகூட இல்லாத நாலு குட்டிப் பிள்ளைகள் தாயைச் சுற்றி நின்றன. அன்றைய தேதியில் செக்ரோலில் முதல் வரி: 'வேலைக்கு 4 பேர்.'

நான் சேர்ந்த காலத்தில் அது எண்ண முடியாத கூட்டமாக ஆகியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் விட்டதும் அங்கே போவேன். பாவாயி வரக்காப்பி தருவார். செல்லப்பன் கண்ணாடியில் மூக்கு படாத தூரத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். செத்தவர்களைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு மூலையில் குவிக்கிறார்கள், அந்த மூலையை யாரும் வேறு எதற்கும் பயன்படுத்துவதில்லை என்றெல்லாம் காட்டுவார். பேசும்போதுகூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற மஸ்டரில் அவர் குரல் வெள்ளக்கடை ஊர்வரை கேட்கும் என்பார்கள். அந்தக் குரல் இந்த அறைக்குள் வந்ததே இல்லை.

ஒரு காலத்தில் இரண்டாவது கண்ணாடி வீடும் இருந்தது, சின்னது. அது செத்துப்போன கதையை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஸ்டாஃப் கிளப்பில் கேரம் ஆடிவிட்டு, விரலில் ஒட்டிய போரிக் பவுடரோடு வெல்லத் தண்ணீரைத் தொட்டு வைத்திருக்கிறார். எறும்புகள் உடனே சாகவில்லை. குடித்தவை உள்ளே போய் மற்றவற்றுக்கு வாயோடு வாய் ஊட்டின. அவை தாய்க்கு ஊட்டின. பதினெட்டு நாளில் ஒவ்வொன்றாக எல்லாம் முடிந்தது. தாய் கடைசியில் போனாள். தினமும் எழுதிவைத்த கணக்கைப் பின்னாலிருந்து முன்னால் படித்தபோதுதான், அந்தக் கேரம் நாள் அவருக்குப் பிடிபட்டது. அதன்பிறகு அவர் கேரம் ஆடப் போனதில்லை.

எண்பத்திரண்டு தொடக்கத்தில் கீழ் பிளாக்கில் முசுறு நிறைந்துவிட்டது. காபி இலைகளைப் பின்னிக் கூடு கட்டுகிற சிவப்பு எறும்பு. கடித்தால் தோல் பொங்கிவிடும். பழம் பறிக்கக் கிளையை வளைத்த அத்தாயி என்ற பெண்ணின் கண்ணுக்குள் ஒன்று விழுந்து கடித்து, ஒரு வாரம் கட்டுப் போட்டிருந்தாள். பெண்கள் கீழ் பிளாக்குக்குப் போக மாட்டோம் என்று நின்றார்கள். மேனேஜர் மருந்துப் பொடியை இரண்டு மடங்காக்கினார். அந்தப் பொடியைத் தூவுவதும் பெண்கள்தான். கையுறை கிடையாது, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொள்வார்கள். வேலை முடிந்து வரும்போது வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுப்பார்கள். முசுறு இரண்டு நாள் குறையும், மூன்றாம் நாள் திரும்ப வரும்.

செல்லப்பனுக்குக் காரணம் தெரியும். பொடி வெளியே திரிகிறவற்றை மட்டுமே கொல்லும், தாயைத் தொடாது. தாயைத் தொடுவது எது என்றும் அவருக்குத்தான் தெரியும்.

ஒரு மாதம் பேசாமல் இருந்தார். அத்தாயி மறுபடி பொடி வேலைக்கு வந்து, ரத்தம் கலந்து வாந்தி எடுத்த அன்று, கீழ் பிளாக்கில் ஒரே ஒரு மரத்தில், கேரம் பவுடர் கலந்த வெல்லத் தண்ணீரைச் சிரட்டையில் ஊற்றிக் கட்டிப் பார்த்தார். பவுடர் அதிகமானால் மரத்தடியிலேயே செத்து விழுந்தன. ஒரு சிட்டிகைதான் என்றால் வீட்டுக்குக் கொண்டுபோயின. மூன்று வாரத்தில் அந்த மரம் வெறிச்சென்று ஆனது. பிறகு என்னிடம் வந்து, மேனேஜர் துரைக்கு ஒரு லெட்டர் எழுத வேண்டும் என்றார்.

அவர் சொன்னது மூன்று விஷயம். எவ்வளவு வெல்லத்துக்கு எவ்வளவு பவுடர் என்பது ஒன்று. சிரட்டையில் பஞ்சோடு வைத்து, மரத்தில் எந்த உயரத்தில் கட்ட வேண்டும், எத்தனை நாளில் அவிழ்க்க வேண்டும் என்பது இரண்டு. மூன்றாவதைச் சொல்லும்போது மேசையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"மேல் பிளாக்குக்கு இத வெக்க வேண்டாமுங்க. அங்க இருக்கறது கட்டெறும்பு. அது யாரையும் ஒண்ணும் பண்றதில்ல. நம்மூட்டுது பூராவும் அங்கதான் மேயுது, தம்பிக்குத் தெரியாததா? இத மட்டும் நல்லா அழுத்தி எழுதிருங்க."

எழுதிவிடுகிறேன் என்றேன்.

அந்த வாரம் எனக்கு வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. மஸ்கட்டில் ஒரு கம்பெனிக்கு மனுப் போட்டிருந்தேன். மேனேஜர் கையெழுத்திட்ட அனுபவச் சான்றிதழ் வேண்டும். கேட்டிருந்தேன், பார்க்கலாம் என்றிருந்தார். அவருக்கு எந்தக் குறிப்பும் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. 'ஆனால்' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் சிவப்புப் பென்சிலால் கோடு கிழிப்பார். முந்தின வாரம்தான் அப்படி ஒரு குறிப்பை என் கண்ணெதிரே இரண்டாகக் கிழித்திருந்தார். ஒரு ரைட்டர் எந்த பிளாக்கில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். பிரச்சினை கீழ் பிளாக்கில்தானே, மேல் பிளாக்கின் பேச்சே இப்போது எதற்கு என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் இரண்டையும் நல்ல இங்கிலீஷில் அடித்தேன். மூன்றாவதை அடிக்கவில்லை. பக்கம் அழகாக ஒரே தாளில் முடிந்தது. அடியில் செல்லப்பன் தமிழில் கையெழுத்துப் போட்டார். ஒரு கார்பன் நகல் கேட்டு வாங்கி, அதிலும் கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதினாறு வருஷ உத்தியோகத்தில் அதுதான் முதல் தடவை. செல்லப்பன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, மேனேஜர் பேசியதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டபோது, உங்களைப் பாராட்டுகிறார் என்றேன். அது உண்மைதான்.

கீழ் பிளாக்கில் ஏப்ரலில் சிரட்டை கட்டினார்கள். முசுறு ஒழிந்தது. பொடி தூவுவது நின்றது. பெண்கள் வேலைக்குப் போனார்கள். அத்தாயி ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டுவந்து ரைட்டர் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். எஸ்டேட் முழுக்க அதற்கு 'ரைட்டர் மருந்து' என்று பேராகிவிட்டது. பக்கத்து எஸ்டேட்டுக்காரர்களும் வந்து கேட்டுக்கொண்டு போனார்கள். அந்த மூன்று வாரம் அவர் நடையே மாறியிருந்தது. பாவாயி விடுவாரா? "டாக்டரு வந்துட்டாருங்க, எல்லாரும் நாக்க நீட்டுங்க" என்பார்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. அந்த வருஷம் அவர் குடும்பத்துக்கு முறை. நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பாவாயியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கண்ணாடி வீட்டுக்குத் தண்ணீரும் வெல்லமும் வைத்திருந்தார். குழாயை அடைக்கவில்லை. பொடிதான் நின்றுவிட்டதே, அடைப்பானேன்?

அவர் போன மறுநாள் காலை மேனேஜர் என்னை அழைத்து ஒரு ஆர்டரைச் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னார். ரைட்டர் மருந்து எல்லா பிளாக்கிலும் வைக்கப்பட வேண்டும், இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும். எல்லா பிளாக்கிலும் என்றால் மேல் பிளாக்கிலும். மெஷினில் என் விரல் நின்றது நினைவிருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அடித்து முடித்தேன்.

அப்போதுகூட ஒரு வழி இருந்தது. ஆபீசிலிருந்து ரைட்டர் குவார்ட்டர்ஸ் பத்து நிமிஷ நடை. ஜன்னல் கட்டையில் பஞ்சுருண்டை இருக்கிறது. எடுத்துக் குழாயின் வாயில் வைத்தால் முடிந்தது. மத்தியானம் போகலாம் என்றிருந்தேன். மத்தியானம் மேனேஜர் ஆறு கடிதம் கொடுத்தார். ஆறாவது கடிதம் என் சான்றிதழ். அவரே கையெழுத்திட்டுக் கொடுத்து, நன்றாயிரு என்றார். அதற்குள் மூடுபனி இறங்கி, கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. காலையில் முதல் வேலையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று குடையை விரித்து வீட்டுக்கு நடந்தேன். சான்றிதழ் நனையக் கூடாதே என்று சட்டைக்குள் வைத்திருந்தேன்.

காலையில் போனேன். பலா மரத்திலேயே ஒரு சிரட்டை கட்டியிருந்தது. சிரட்டையின் விளிம்பிலிருந்து குழாயின் வாய்வரை ஒரு கருப்புக் கோடு போய்க்கொண்டிருந்தது. வெறும் வயிற்றோடு வந்து, வயிறு பளபளக்கத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போது பஞ்சை வைத்து அடைத்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: அடைத்துவிட்டேன், ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டுதான் ஆபீசுக்குப் போனேன்.

திருவிழா முடிந்து வந்த செல்லப்பன், பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறிவரும் வழியிலேயே சில்வர் ஓக் மரங்களில் சிரட்டைகளைப் பார்த்திருக்கிறார். மூட்டையைப் பாதையிலேயே போட்டுவிட்டு ஓடினாராம். நான் சாயங்காலம் போனபோது கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். உள்ளே எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தது. தாயைச் சுற்றிப் பிள்ளைகள், முட்டைகளைத் தூக்கி இடம் மாற்றுகிறவர்கள், குழாய்க்குள் போய்ப் பஞ்சில் முட்டித் திரும்புகிறவர்கள். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவர் மட்டும் செக்ரோலில் ஒரு பக்கத்தைத் திறந்து, இது பெரிய கூட்டம் என்று நாலு நாள் கூட்டி, ஒன்று முதல் இருபத்திரண்டு வரை நாள் எண்ணை இறக்கி எழுதியிருந்தார். எதிரே இடம் காலியாக இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பார்கள். அவருக்கு அந்த வசதி இல்லை. என்றைக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஐந்தாம் நாளிலிருந்து தொடங்கியது. முதலில் செத்தவர்களை வழக்கம்போல மூலைக்குக் கொண்டுபோனார்கள். மூலை நிறைந்தது. அடுத்த வாரம், தூக்கிக்கொண்டு போகிறவர்களே பாதி வழியில் நின்றுவிட்டார்கள். பிறகு தூக்க ஆள் இல்லை. விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். முட்டைகள் பரந்து கிடந்தன. செல்லப்பன் காலையில் மஸ்டருக்குப் போவார், பேர் போடுவார், வந்து உட்காருவார். நல்ல தண்ணீர் வைத்துப் பார்த்தார், தேன் வைத்துப் பார்த்தார். பாவாயி கேலி பேசுவதை நிறுத்திவிட்டார். நான் அந்த நாட்களில் இரண்டே தடவை போனேன்.

இரண்டாம் தடவை, பதினாறோ பதினேழோ நாளில், அவர் கண்ணாடியிலிருந்து தலையைத் திருப்பாமல் என்னைக் கேட்டார்.

"ஏனுங் தம்பி, நா சொன்னது பூராவும் அந்த லெட்டருல இருந்துச்சுங்களா? அந்த மேல் பிளாக்குச் சமாச்சாரம்?"

"இருந்துச்சுங்கண்ணா."

"அப்ப நாஞ் சொன்ன மொறதான் துரைக்கு வெளங்குலையாட்டம் இருக்குது" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

இருபத்தோராம் நாள் தாய் அசையவில்லை. பக்கத்தில் இரண்டு பேர் மிச்சம் இருந்து அவளை நக்கிக்கொண்டே இருந்தார்கள் என்று பாவாயி சொன்னார். செக்ரோலில் அந்தப் பக்கத்தின் கடைசி வரியைப் பிறகொருநாள் பார்த்தேன். 'இன்று வேலைக்கு யாரும் வரவில்லை.' மஸ்டரில் எழுதுகிற அதே திருத்தமான கையெழுத்து.

எண்பத்துமூன்று பிப்ரவரியில் நான் மஸ்கட் போனேன். அந்தக் கோடை மழைக்குப் பல்ப்பர் ஹவுஸ் விளக்குக்கு ஒரு கட்டெறும்புகூட வரவில்லை என்று அத்தா கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். செல்லப்பன் கடைக்கு வந்தபோது சொன்னாராம், தம்பிக்கு எழுதச் சொன்னாராம். அவர் திரும்ப எறும்பு வளர்க்கவே இல்லை. 'ரைட்டர் மருந்து' மட்டும் அவர் ரிட்டயர் ஆகி வாழவந்திக்குத் திரும்பும்வரை அந்தப் பேரோடு எஸ்டேட்டில் இருந்தது.

பதினோரு வருஷத்தில் நான்கு தடவை ஊருக்கு வந்தேன். ஒவ்வொரு தடவையும் வாழவந்தி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். பஸ் ஏறவில்லை. மஸ்கட்டில் இருக்கும்போது சொல்ல வேண்டியதைத் தமிழில் ஒரு விதமாகவும் இங்கிலீஷில் ஒரு விதமாகவும் மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொள்வேன். இங்கிலீஷில் எப்போதுமே சுலபமாக வந்தது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. தொண்ணூற்று மூன்றில் செல்லப்பன் மார்வலியில் இறந்துபோனார். தொண்ணூற்று நாலில் ஐந்தாவது தடவையாக வந்தபோது பஸ் ஏறினேன்.

பாவாயி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மளிகைக்கடை ஊட்டுத் தம்பியா? நொம்பக் கறுத்துப் போயிட்டீங்களே, அங்க நெழலே இல்லீங்களா?" என்று கேட்டார். காப்பி வைத்தார். கண்ணாடி வீட்டைக் கழற்றி, மகள் வீட்டில் போட்டோவுக்குக் கண்ணாடி போட எடுத்துப் போய்விட்டார்களாம். செக்ரோல் புத்தகம் கரையான் அரித்துப் போனதாம். நான் பேச்சைத் தொடங்க வழி தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். உறைக்குள், நாலாக மடித்த கார்பன் நகல்.

"இத மட்டும் பத்திரமா வெச்சிருந்தாருங்க. இங்கிலீசுல தம் பேரு ஏறுன ஒரே காயிதமுன்னு பெருமை. ஒருத்தர்கிட்டயும் படிக்கக் குடுத்ததில்ல. நீங்கதான எழுதுனீங்க? என்ன எழுதியிருக்குதுன்னு எனக்கு ஒருக்காப் படிச்சுச் சொல்லுங்களேன்."

கார்பன் மங்கியிருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். வெல்லம், பவுடர், அளவு. சிரட்டை, பஞ்சு, உயரம், நாட்கள். அவர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, அப்படித்தான் சொல்லுவாரு" என்றார். கடைசி வாக்கியத்தில் மேனேஜருக்கு மரியாதை சொல்லி முடித்திருந்தேன். அதையும் சொன்னேன்.

"மேல் பிளாக்குக்கு வேண்டாம்னு சொன்னாரே, அது எங்கீங்க வருது?"

அந்த இடத்தில் நானே ஒரு வாக்கியத்தைச் சேர்த்துப் படித்திருக்கலாம். அவருக்குத் தெரியப் போவதில்லை. வாய்வரை வந்தது.

"அது இதுல இல்லீங்க. அண்ணன் சொன்னாரு. நாந்தான் எழுதலை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. முறத்தில் ஒரு கல்லைத் தேடி எடுத்துப் போட்டார். இன்னொன்றைத் தேடினார். நான் ஏன் எழுதவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன். சான்றிதழ், சிவப்புப் பென்சில், எல்லாம் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"பதினோரு வருசமுங்க" என்றார். "வெளங்கறாப்பல எடுத்துச் சொல்ல எனக்கு வாயில்லாமப் போச்சேன்னு, இந்தக் காயிதத்தப் பாக்கறப்பவெல்லாம் தன்னையேதான் வைஞ்சுக்குவாரு. தம்பி நல்லாத்தான் எழுதுச்சு, நாந்தான் சொல்லத் தெரியாத முட்டாளுன்னு."

காப்பி ஆறிப்போயிருந்தது.

முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, "பேனா இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருந்தது. "அத இப்ப எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க" என்று தாளை என் பக்கம் நகர்த்தினார்.

மேனேஜருக்கு மரியாதை சொல்லிய வரிக்கும் செல்லப்பனின் கையெழுத்துக்கும் நடுவே இடம் இருந்தது. அன்றைக்கும் அந்த இடம் இருந்திருக்கிறது. மேல் பிளாக்குக்கு இதை வைக்க வேண்டாம், அங்கே இருப்பது கட்டெறும்பு, அது யாரையும் ஒன்றும் செய்வதில்லை என்று எழுதினேன். படிக்கச் சொன்னார். படித்தேன்.

பாவாயி தாளை வாங்கி, நான் எழுதிய வரியின்மேல் விரலை வைத்து, தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம்வரை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். விரல் சீக்கிரமே நின்றுவிட்டது.

"இத்துனூண்டுதானுங்களா, தம்பி?" என்றார்.